பெர்லின் ரோஜா பினாங்கில் பூத்த கதை

பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில் நடந்தவர்கள் அந்தச் செருப்பைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். முகப்பு முழுவதும் கடுகைவிடச் சிறிய கண்ணாடி மணிகளை வரிசை வரிசையாகத் தைத்திருப்பார்கள். காசூட் மானிக் என்னும் இந்த மணிச்செருப்பை, பெரனாக்கான் என்றும் அழைக்கப்படும் பாபா நோன்யா குடும்பத்துப் பெண்கள் கெபாயா என்ற மேலாடைக்கும் சாரோங்குக்கும் பொருத்தமாக அணிவார்கள். அதில் அடிக்கடி கண்ணில் படும் பூ எது என்று நினைத்துப் பாருங்கள். நடுவில் அடர்ந்து விளிம்பில் வெளுக்கும் இளஞ்சிவப்பு இதழ்கள், பக்கத்தில் ஒரு மொட்டு, துணைக்கு இரண்டு இலைகள். அசல் ஐரோப்பிய ரோஜா.

சீன வம்சாவளியும் மலாய் உடையும் கலந்த ஒரு வீட்டில் இந்த ரோஜா எப்படிக் குடியேறியது? அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஓர் ஆட்டு மந்தைக்கு நடுவே போய் நிற்போம். ஸ்பெயினின் மேய்ச்சல் நிலம், போரில் நொறுங்கிய சாக்சனி, பெர்லினின் படக்கடை, அமெரிக்கச் சிற்றூரின் மரத்தடி, லண்டனின் கண்ணாடி மாளிகை, கன்னியாஸ்திரிகளின் பள்ளி என்று ஏகப்பட்ட ஊர்களைத் தாண்டி வந்த ரோஜா இது. வழியெல்லாம் அதைச் சுமந்தவர்கள் வியாபாரிகளும், பார்த்து எழுதியவர்களும், சந்தையில் வேடிக்கை பார்க்க வந்தவர்களும்தான்.

மணியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதுதான் இந்தக் கதையில் மூத்தது, நம்முடையதும்கூட. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடியை உருக்கி, நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி மணி செய்தார்கள். ஒற்றை நிறத்தில் இருக்கும் அந்தச் சின்ன மணிகளை ஆய்வாளர்கள் இந்தோ பசிபிக் மணிகள் என்கிறார்கள். அவை கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியா முழுவதும் பரவின. நம் ஏடுகள் கடாரம் என்று சொல்லும் கெடாவின் சுங்கை மாஸிலும், பேராக்கின் கோலா செலின்சிங்கிலும் மண்ணைத் தோண்டினால் இவை கிடைக்கின்றன. பினாங்குத் தீவு அந்தக் கடாரத்துக்கு எதிரே, கண்ணுக்கெட்டும் தொலைவில் கிடக்கிறது. ஐரோப்பியக் கப்பல் ஒன்று இந்தக் கரையைத் தொடுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த கண்ணாடி மணி இங்கே கழுத்தில் ஏறிவிட்டது.

இனி ஆட்டுக்கு வருவோம். மெரினோ என்ற செம்மறி இனம் ஸ்பெயினின் பெருமை. அதன் மயிர் மென்மையானது, மெல்லியது, சாயத்தை நன்றாகக் குடிப்பது. காஸ்டில் அரசர் 10-ஆம் அல்ஃபோன்சோ 1273-இல் மந்தை உரிமையாளர்களின் மெஸ்தா என்ற சங்கத்துக்கு அதிகாரம் கொடுத்தார். கோடையில் வடக்கு, குளிர்காலத்தில் தெற்கு என்று ஆடுகள் நாட்டையே குறுக்கே கடந்து நடந்தன. மெதினா தெல் காம்போ ஊரின் சந்தையில் கம்பளி மூட்டைகளோடு வட்டியும் உண்டியலும் கைமாறின. ஐரோப்பாவின் வங்கித் தொழில் கொஞ்சம் நடை பழகியதே அங்கேதான். கம்பளியை எவ்வளவு வேண்டுமானாலும் விற்பார்கள். உயிருள்ள ஆட்டை மட்டும் எல்லை தாண்ட விடமாட்டார்கள். அதற்குக் கடும் தண்டனை இருந்தது.

அந்தத் தடை ஓர் உறவுமுறையால் தளர்ந்தது. ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தபோது ஜெர்மனியின் சாக்சனி தரைமட்டமாகிக் கிடந்தது. ஸ்பெயின் அரசர் 3-ஆம் கார்லோஸின் மறைந்த மனைவி சாக்சனி இளவரசி. பிறந்தவீட்டுச் சொந்தம் கைகொடுத்தது. 1765-இல் 92 கிடாக்களும் 128 பெட்டைகளுமாக 220 மெரினோக்கள் சாக்சனிக்குப் பரிசாகப் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்த வளர்ப்பாளர்கள் அவற்றைக் குழந்தைகளைப்போலப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு தலைமுறைக்குள் உலகின் மிக மெல்லிய கம்பளி எது என்று கேட்டால் வியாபாரிகள் ஸ்பெயினைச் சொல்வதை நிறுத்திவிட்டுச் சாக்சனியைச் சொன்னார்கள்.

இந்தக் கம்பளியைக் கோத்தா நகரில் நூற்றார்கள். பெர்லினுக்கு அனுப்பிச் சாயம் போட்டார்கள். முறுக்குக் குறைந்த, பஞ்சுபோல உப்பிய, நூற்றுக்கணக்கான நிறச் சாயைகளில் கிடைத்த அந்த நூலுக்கு பெர்லின் கம்பளி என்ற பெயர் நிலைத்தது. நூல் இருக்கிறது, அதை வைத்து என்ன தைப்பது?

பதில் ஒரு படக்கடையிலிருந்து வந்தது. 1804 வாக்கில் பெர்லினில் பிலிப்சன் என்ற அச்சுப்பட வியாபாரி, கட்டம் போட்ட தாளில் பூக்களை அச்சிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் கையால் வண்ணம் தீட்டி விற்றார். ஒரு கட்டம் என்றால் துணியில் ஒரு தையல். இதற்குமுன் தையல்காரிக்கு ஓவியம் தெரிந்திருக்க வேண்டும், அல்லது ஓவியம் தெரிந்த ஒருவர் துணியில் வரைந்து கொடுக்க வேண்டும். இனி எண்ணத் தெரிந்தால் போதும். மூன்று சிவப்பு, இரண்டு இளஞ்சிவப்பு, ஒரு வெள்ளை, அடுத்த வரி. படம் எண்ணாக மாறியது. எண்ணாக மாறிய எதுவும் கடல் தாண்டும், மொழி தாண்டும், வெயிலில் வாடாது.

1810-இல் விட்டிஷ் என்ற பெண்மணி இத்தகைய தாள்களை வெளியிடத் தன் கணவரைத் தூண்டினார். கணவரும் படக்கடைக்காரர்தான், மனைவியோ தையலில் கைதேர்ந்தவர். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது உட்கார்ந்தால் இதழ் புடைத்து நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விட்டிஷ் கடையின் தாள்கள் தரத்துக்குப் பேர்போனவை. அடுத்த 30 ஆண்டுகளில் பெர்லினில் வெளியான மாதிரிகள் 14,000 என்று 1840-களின் ஆங்கிலத் தையல் நூல்கள் கணக்குச் சொல்கின்றன.

இதே காலத்தில் நம் கடலில் என்ன நடந்தது? 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றினார். சுங்க வரி இல்லாத துறைமுகம் என்றதும் நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, காரைக்கால் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் துணி மூட்டைகளோடு வந்து இறங்கினார்கள். சூலியாக்கள் எனப்பட்ட அவர்கள் பெயரில்தான் சூலியா தெரு இன்றும் இருக்கிறது. 1801-இல் காதர் மைதீன் தலைமையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. சீனத்துப் பட்டு, குஜராத்தின் துணி, சுமத்ராவின் மிளகு, சோழமண்டலத்துக் கைலி எல்லாம் ஒரே தெருவில் விரிந்தன. மற்ற ஊர்களில் சந்தை வாரத்தில் ஒரு நாள், விழா வருடத்தில் ஒரு வாரம். பினாங்கில் இரண்டும் வருடம் முழுவதும் நடந்தன. லைட் மட்டும் அதை நெடுநாள் பார்க்கவில்லை; 1794-இல் மலேரியா அவரைக் கொண்டுபோனது. இந்த மலேரியாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரோஜாவின் கதையில் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது.

அதற்குமுன் அட்லாண்டிக்கைத் தாண்டி ஓர் எட்டு போய்வரலாம். இன்று அமெரிக்காவில் மேரிலாண்டிலும் நியூயார்க் மாநிலத்தின் ரைன்பெக்கிலும் செம்மறிக்கும் கம்பளிக்கும் என்றே ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளில் கம்பளி வாரம் நடக்கிறது. பின்னல்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் ஆட்டைத் தொட்டுப் பார்க்கிறார்கள், நூற்பவரோடு பேசுகிறார்கள், அடுத்தவர் போட்டிருக்கும் ஸ்வெட்டரின் மாதிரியைக் கண்ணாலேயே எண்ணிக்கொள்கிறார்கள், புதிய எண்ணங்களோடு வீடு திரும்புகிறார்கள். இந்த வழக்கத்தின் வேரிலும் நம் மெரினோவே நிற்கிறது.

1807-இல் மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்ட் ஊரில் எல்கனா வாட்சன் என்பவர் தன் இரண்டு மெரினோ ஆடுகளை ஊர்ச் சதுக்கத்தில் ஓர் எல்ம் மரத்தடியில் கட்டி வைத்தார். வேறொன்றும் செய்யவில்லை. ஊர் திரண்டு வந்தது. பெண்களும் வந்து கம்பளியை விரலால் விரித்துப் பார்த்தார்கள். இரண்டு ஆட்டுக்கே இவ்வளவு கூட்டம் என்றால் ஊரார் எல்லோரும் தங்கள் நல்ல பொருளைக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்று வாட்சன் யோசித்தார். 1810-இல் கால்நடைக் காட்சி, அடுத்த ஆண்டு பெர்க்‌ஷயர் வேளாண் சங்கம். 1813-இல் வீட்டில் நெய்த துணிகளுக்கும் பரிசு அறிவித்தார். பொது இடத்துக்கு வரப் பெண்கள் தயங்கியபோது, வாட்சன் தன் மனைவியை முதலில் போய் மண்டபத்தில் உட்காரச் சொன்னார்; மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அமெரிக்காவின் ஊர்த் திருவிழாக்கள் எல்லாம் இந்த மரத்தடியைத் தங்கள் தொடக்கமாகச் சொல்லிக்கொள்கின்றன.

நெப்போலியன் படை 1808-இல் ஸ்பெயினுக்குள் புகுந்ததும் பழைய தடை காற்றில் போனது. லிஸ்பனில் அமெரிக்காவின் கான்சலாக இருந்த வில்லியம் ஜார்விஸ் ஆயிரக்கணக்கான மெரினோக்களை வாங்கிக் கப்பலேற்றினார். சாக்சனியின் ஆடுகளும் சும்மா இருக்கவில்லை. 1820-களின் இறுதியில் எலைசா ஃபோர்லாங் என்ற ஸ்காட்லாந்துப் பெண் சாக்சனியின் ஊர் ஊராக நடந்தே போய், கம்பளியைப் பார்த்துப் பார்த்து ஆடுகளைத் தேர்ந்தெடுத்தார். அவை டாஸ்மேனியாவுக்குப் போய்ப் பெருகின. 19-ஆம் நூற்றாண்டிலேயே டாஸ்மேனிய மெரினோ நம் நீலகிரிக்கும் ஏறியது. கோயம்புத்தூர் நாட்டு ஆட்டோடும் பிரிட்டிஷ் இனங்களான ஷெவியட், சவுத்டவுனோடும் கலந்து, நீலகிரிச் செம்மறி என்று ஒரு தனி இனமே உண்டானது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் இன்றும் அதைக் காத்துவருகிறது. அதே மலையில் தோடர் பெண்கள் வெண்பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான கம்பளி நூலால் பூத்குளி என்ற போர்வைக்குத் தையல் போடுகிறார்கள். அவர்களிடம் தாள் இல்லை, வரைபடம் இல்லை. துணியின் இழையை எண்ணித்தான் கோலம் எழுகிறது. பெர்லினில் படக்கடைக்காரர் தாளில் போட்ட கட்டத்தைத் தோடர் பெண்கள் துணியிலேயே பார்த்துக்கொண்டார்கள். 2013-இல் அந்தக் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பெர்லின் தாளுக்குத் திரும்புவோம். 1831-இல் லண்டன் ரீஜண்ட் தெருவில் வில்க்ஸ் என்ற கடைக்காரர் தாள்களையும் நூலையும் நேரடியாக இறக்குமதி செய்யத் தொடங்கினார். அது காட்டுத்தீயாகப் பிடித்தது. நாற்காலி மெத்தை, தலையணை, கணவரின் வீட்டுச் செருப்பு, மணி இழுக்கும் பட்டை என எதையும் விடவில்லை. எட்வின் லேண்ட்சியர் வரைந்த நாய்களும் மான்களும் ஓவியரைக் கேட்காமலேயே கட்டத்தாளில் ஏறின. லியோனார்டோவின் கடைசி இராவிருந்துகூடக் கம்பளியில் வந்தது. இரட்டை இழைக் கித்தான் வந்தபின் எண்ணுவது இன்னும் சுலபமானது. பளபளப்பு வேண்டிய இடத்தில் கம்பளிக்குப் பதில் கண்ணாடி மணி வைத்துத் தைக்கும் பழக்கமும் பரவியது. ஒரு கட்டம், ஒரு தையல், ஒரு மணி. பினாங்கை எட்டப்போகும் ரோஜா பாதி வழியில் தன் அடுத்த உடலைச் சந்தித்துவிட்டது.

1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் மாபெரும் பொருட்காட்சி. மே 1 தொடங்கி அக்டோபர் 15 வரை 60 லட்சம் பேர் வந்து போனார்கள். நீராவி இயந்திரங்களுக்கும் காஷ்மீர் சால்வைக்கும் டாக்கா மஸ்லினுக்கும் நடுவே பெர்லின் கம்பளி வேலையும் இடம்பிடித்தது. எல்ம் மரத்தடியில் இரண்டு ஆட்டைச் சுற்றி நின்ற அதே கண்கள்தான் இங்கே கண்ணாடிக் கூரையின்கீழ் நின்றன. நான் இதைச் செய்யலாமே என்ற எண்ணம் ஒருவருக்கு வருவதற்கு, இன்னொருவர் செய்ததை நேரில், கிட்டத்தில், தலைகீழாகத் திருப்பித் தையலின் பின்புறத்தைப் பார்க்கும் வாய்ப்பு வேண்டும். சந்தையும் விழாவும் பொருட்காட்சியும் அதைத்தான் தருகின்றன.

இப்போது அந்த மலேரியா. 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர், வீட்டிலேயே அமைத்த ஆய்வறையில் மலேரியாவுக்கு மருந்தான குவினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார். வெப்பமண்டலக் குடியேற்றங்களில் ஆட்கள் செத்து விழுந்ததால் குவினைனுக்கு அவ்வளவு கிராக்கி. மருந்து வரவில்லை, குடுவையைக் கழுவும்போது ஊதா நிறம் வந்தது. உலகின் முதல் வெற்றிகரமான செயற்கைச் சாயம் அது. மூன்றே ஆண்டில் பிரான்சில் மெஜந்தா வந்தது. பெர்லின் கம்பளியின் மெல்லிய இயற்கைச் சாய நிறங்களுக்குப் பதில் கண்ணைப் பறிக்கும் ஊதாவும் சிவப்பும் பச்சையும் கடைகளை நிரப்பின. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். பெர்லின் வேலையின் மவுசு ஐரோப்பாவில் மெல்ல இறங்கத் தொடங்கியதில் அந்த நிறங்களுக்கும் பங்குண்டு.

ஓர் ஊரில் மவுசு இறங்கும் பொருள் அடுத்த ஊரில் புதுச் சரக்கு. 1852-இல் குழந்தை இயேசு சபைக் கன்னியாஸ்திரிகள் பினாங்குக்கு வந்து பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள். லைட் தெரு கான்வென்ட் என்று ஊரறிந்த அந்தப் பள்ளி, லைட் காலத்து அரசு மாளிகை இருந்த வளாகத்திலேயே வளர்ந்தது. பாடத்தோடு தையலும் சொல்லிக் கொடுப்பது அன்றைய கான்வென்ட்களின் வழக்கம். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவின் சரக்கு சில வாரங்களில் மலாக்கா நீரிணைக்கு வந்து சேர்ந்தது. நூல், ஊசி, கித்தான், லேஸ், கட்டத்தாள் எல்லாம் வந்தன. பிரான்சின் முலூஸ் நகரத்து டிஎம்சி நிறுவனம் நூலோடு மாதிரிப் புத்தகங்களையும் விற்றது. தெரேஸ் தெ தில்மோன் எழுதிய தையல் கலைக்களஞ்சியம் 1886-இல் வெளிவந்து பல மொழிகளில் பரவியது.

தமிழ்நாட்டுக்கும் இதே கப்பல் வந்தது. மிஷன் பள்ளிகளிலும் பின்னர் அரசுப் பள்ளிகளின் தையல் வகுப்பிலும், மேட்டித் துணியில் உல்லன் நூலால் கிளியும் அன்னமும் ரோஜாவும் குறுக்குத் தையலில் போட்ட பெண்கள் எத்தனை பேர்! கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிய அந்தக் கிளி, பெர்லின் கிளியின் தூரத்துப் பேத்தி. மதுரையிலும் திருநெல்வேலியிலும் அது கம்பளியாகவே இருந்தது. பினாங்கில்தான் உடல் மாறியது.

நோன்யா பெண்களுக்கு மணிவேலை புதிதல்ல. பட்டில் தங்கச் சரிகைத் தையலும் மணிக் கோப்பும் அவர்கள் கைக்குப் பழகியவை. திருமண அறையின் தொங்கல், இடுப்புப் பட்டை, பை, செருப்பு என்று பீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும் வௌவாலும் வண்ணத்துப்பூச்சியும் நிறைந்த சீன மங்கலச் சின்னங்களைச் செய்துவந்தார்கள். கட்டத்தாள் கைக்கு வந்ததும், பிடாங்கான் என்ற மரச் சட்டத்தில் கித்தானை இழுத்துக் கட்டி, முடியளவு மெல்லிய ஊசியில் மணி மணியாக எடுத்து, ஒரு கண்ணுக்கு ஒரு மணியாகத் தைத்தார்கள். ஒரு ஜோடி முகப்பு முடிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். முடிந்த முகப்பு செருப்புத் தைப்பவரிடம் போகும். அவர் அடித்தோல் வைத்துக் கொடுப்பார். மணப்பெண்ணின் பொறுமையையும் கைத்திறனையும் மாமியார் வீடு அளந்தது இந்தச் செருப்பைப் பார்த்துத்தான்.

கம்பளி ரோஜாவை மணி ரோஜாவாக மாற்றுவது தாளைப் பார்த்து அப்படியே எழுதுகிற வேலை என்று தோன்றலாம். உட்கார்ந்து செய்து பார்த்தால் தெரியும். பெர்லின் கம்பளியில் ஒரே சிவப்புக்குப் பத்துச் சாயை கிடைக்கும். மணியில் நாலைந்து கிடைத்தால் அதிகம். கம்பளி ஒளியைக் குடிக்கும். கண்ணாடி ஒளியைத் திருப்பி அனுப்பும். கம்பளித் தையலில் பக்கத்து நிறங்கள் ஒன்றோடொன்று இழையும். மணிகள் ஒவ்வொன்றும் தன் எல்லையோடு நிற்கும். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் தைப்பவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருந்தது. இந்த இளஞ்சிவப்பு இல்லை. பவழ நிறத்தை வைக்கலாமா? இந்த நிழலுக்குப் பச்சை கிடைக்கவில்லை, நீலம் தாங்குமா? பட்டை தீட்டிய மணியை எங்கே வைத்தால் இதழின் நுனி மின்னும்? பினாங்கு வேலையின் அந்த இளநிறப் பின்புலமும், பூவைச் சுற்றி நெருக்கமாக நிரப்பிய தளமும் இப்படி எடுத்த ஆயிரம் சின்ன முடிவுகளின் சேர்க்கை.

அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். ஐரோப்பிய ரோஜாவுக்குப் பக்கத்தில் பீனிக்ஸை உட்கார வைத்தார்கள். ஸ்பானியல் நாய்க்குட்டியையும் கிளியையும் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டில் துக்கம் என்றால் அதே மாதிரியை நீலத்திலும் பச்சையிலும் வெள்ளையிலும் தைத்தார்கள். பெர்லினில் யாரும் எழுதாத விதி இது. சிங்கப்பூரின் பெரனாக்கான் அருங்காட்சியகத்தில் பினாங்கில் செய்த ஒரு மேசைவிரிப்பு இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய மணிகள் அதில் இருக்கின்றன. விரிந்த பூக்களும் பறவைகளுமாக, இதுவரை தெரிந்த பெரனாக்கான் மணிவேலைகளில் மிகப் பெரியது அது. ஐரோப்பாவே மறக்கத் தொடங்கிய ஒரு தையல், அதன் சிகரங்களில் ஒன்றை பினாங்கில் தொட்டது.

மணி எங்கிருந்து வந்தது? நெடுங்காலம் வெனிஸின் முரானோ தீவு உலகுக்கே மணி விற்றது. 19-ஆம் நூற்றாண்டில் பொஹீமியாவின் காப்லான்ஸ் நகரம் அதோடு மல்லுக்கு நின்றது. அங்கிருந்து மாதிரிப் பெட்டியோடு ஆட்கள் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் அலைந்தார்கள். எந்த ஊரில் எந்த நிறம் ஓடும், எந்த அளவு பிடிக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போய், அதையே செய்து அனுப்பினார்கள். அரிக்கமேட்டு மணியைப் போலவே மேற்கிலிருந்து, அதே இழுத்து நறுக்கும் முறையில் செய்த மணி, அதே கரைக்கு வந்து சேர்ந்தது.

பிறகு வரத்து நின்றது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை பினாங்கைப் பிடித்தது. பசி வந்த வீடுகளில் மணிச்செருப்புக்கு என்ன இடம்? போர் முடிந்ததும் காப்லான்ஸின் ஜெர்மன் மொழிபேசும் கைவினைஞர்கள் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்; பலர் பவேரியாவில் நியூகாப்லான்ஸ் என்று ஒரு புது ஊரையே கட்டிக்கொண்டார்கள். பினாங்கில் பெண்கள் பள்ளிக்கும் வேலைக்கும் போனார்கள். ஆயத்த செருப்பு மலிவாகக் கிடைத்தது. பாட்டி வேலைசெய்த சட்டம் பரணுக்கு ஏறியது.

அதை இறக்கி வைத்தவர்களுக்கு உதவிய மணி இன்னும் ஆச்சரியமான ஊரிலிருந்து வந்தது. ஜப்பானின் ஹிரோஷிமா மாவட்டத்தில் போருக்குப் பின் தொடங்கிய மியுகி, டோஹோ என்ற நிறுவனங்கள் ஒரே சீரான, துளை பெரிதான, நூற்றுக்கணக்கான நிறங்களில் மணி செய்கின்றன. இன்று மணிச்செருப்பு செய்பவர்கள் பலர் அவற்றையும் செக் மணிகளையும் வைத்தே தைக்கிறார்கள். நிறத் தட்டுப்பாடு தீர்ந்தது. கட்டத்தாள் கணினித் திரைக்கு மாறியது. எண்ணும் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.

2008-இல் ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2010 முதல் ஜார்ஜ் டவுன் விழா நடக்கிறது. சர்ச் தெருவின் பினாங்கு பெரனாக்கான் மாளிகையில் பழைய மணிவேலைகளைக் கண்ணெதிரே பார்க்கலாம். 2024-இல் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து சேர்ந்து முன்வைத்த கெபாயாவும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கெபாயா மீண்டும் வந்தால் அதன் காலடியும் கூடவே வரும்.

இந்த நீண்ட பயணத்தில் எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்றே. பெர்கினின் ஆய்வறையை விட்டால், படைப்பூக்கம் தனியறையில் வந்ததாக இந்தக் கதையில் ஓரிடமும் இல்லை. மெதினாவின் சந்தை, பிட்ஸ்ஃபீல்டின் மரத்தடி, ஹைட் பார்க்கின் கண்ணாடி மாளிகை, சூலியா தெருவின் கடை வரிசை என்று பலர் கூடிப் பொருளைத் தொட்டுப் பார்த்த இடங்களில்தான் அது பற்றிக்கொண்டது. பார்த்து எழுதுவதை நாம் கொஞ்சம் மட்டமாக நினைக்கிறோம். பெர்லின் தாளைப் பார்த்து எழுதிய நோன்யா பெண்களின் வேலையில் எவரும் பெர்லினைப் பார்ப்பதில்லை, பினாங்கைத்தான் பார்க்கிறார்கள். ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குத் தாவும்போது கைக்கு ஏற்படும் நெருக்கடியே அவர்களைப் படைப்பாளிகளாக்கியது.

ஆகவே ஜார்ஜ் டவுனுக்குப் போகிறவர்கள், படம் எடுத்துக்கொண்டு நகராமல், மணிவேலை செய்பவரின் சட்டத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். செருப்பின் விலை அதிகமாகத் தோன்றினால் ஒரு விரற்கடை அகலத்தில் எத்தனை மணி என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஒரு கட்டத்தாளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, கையில் இருக்கும் நூலிலோ பாசியிலோ அந்த ரோஜாவைத் தைக்கத் தொடங்குங்கள். பாதியில் ஏதாவதொரு நிறம் தீர்ந்துபோகும். அப்போது வேறொரு நிறத்தைத் துணிந்து வையுங்கள். பினாங்கு நோன்யாக்கள் செய்தது அதுதான்.